ஆர்னால்டின் அட்டவணை உங்களுக்கு எதற்கு? ஆணழகர்கள் உண்மையில் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள்

போன மாதம் ஒரு சாயங்காலம் ஜிம்மில் ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி பக்கத்தில் வந்து கைபேசியை நீட்டினான். திரையில் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரின் செஸ்ட் அட்டவணை. பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து எடையை மேலே தள்ளுவது), இன்க்ளைன், ஃப்ளை, டிப்ஸ், கேபிள், புல்ஓவர் என்று எண்ணிப் பார்த்தால் 30 செட்டைத் தொட்டது. "அண்ணே, இதை அப்படியே செஞ்சா நல்லா வருமா?" என்று கேட்டான். அவன் ஜிம்முக்கு வர ஆரம்பித்து நான்கு மாதம்தான் ஆகிறது. நாள் முழுக்க நின்றபடி வேலை பார்த்துவிட்டு இரவு ஏழு மணிக்கு வருகிறவன்.

"வேண்டாம்பா" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை. பெரிய ஆட்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நினைப்பது நல்ல ஆசை. அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டால், உண்மையில் வேலை செய்கிற பகுதி கைக்கு வராமலே போய்விடும். அன்று அவனிடம் நின்றபடியே சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு செட்டுக்குள் என்ன நடக்கிறது

சில சொற்களைப் பார்த்துவிடலாம். எடையை ஒரு தடவை தூக்கி இறக்கினால் ஒரு ரெப். நடுவில் நிறுத்தாமல் 10 தடவை செய்தால் அது 10 ரெப் உள்ள ஒரு செட். ஒரு தசைக்கு வாரத்தில் மொத்தம் எத்தனை செட் செய்கிறோம் என்பதை வால்யூம் என்பார்கள். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு என்று நாட்களுக்குப் பிரித்துக்கொள்வது ஸ்ப்ளிட். இன்னொரு ரெப் போட முழு மூச்சாக முயன்றும் எடை பாதியில் நின்றுவிட்டால் அதுதான் ஃபெயிலியர்.

ஒரு தசைக்குள் ஏராளமான நார்கள் இருக்கின்றன. நரம்புகள் அவற்றைச் சின்னதும் பெரியதுமான கூட்டங்களாகப் பிரித்து வேலை வாங்குகின்றன. எல்லாக் கூட்டத்தையும் ஒரே நேரத்தில் உடம்பு எழுப்பாது. கல்யாண வீட்டில் நாற்காலி எடுத்துப் போட இரண்டு பையன்கள் போதும். பையன்கள் களைத்துப் போனாலோ, சாம்பார் அண்டாவை நகர்த்த வேண்டி வந்தாலோதான் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பலசாலிகளைக் கூப்பிடுவோம். தசையிலும் அதே கதைதான். எடை குறைவாக இருக்கும்போது சின்னக் கூட்டங்களே சமாளித்துவிடும். எடை கனமாக இருந்தாலோ, ரெப் ஏற ஏற முன்னால் வேலை செய்தவை சோர்ந்துவிட்டாலோ, பெரிய கூட்டங்கள் எழுந்து வரும். பருமனாக வளரும் வாய்ப்பு அதிகமுள்ளவை இந்தப் பெரிய கூட்டங்கள்தான். அவை இழுவிசையைத் தாங்கிக்கொண்டு மெதுவாகச் சுருங்குகிற அந்தச் சில ரெப்களில்தான் வளர்ச்சிக்கான தூண்டுதல் கிடைக்கிறது.

இதனால்தான் 8 ரெப் மட்டும் வரக்கூடிய கனமான எடையிலும் தசை வளர்கிறது, 25 ரெப் வரக்கூடிய இலேசான எடையிலும் வளர்கிறது. கடந்த பதினைந்து வருட ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒரே ஒரு நிபந்தனை: இரண்டிலும் செட்டை ஃபெயிலியருக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். 25 ரெப் வரக்கூடிய எடையில் 12-ல் நிறுத்திவிட்டால் திண்ணையில் இருந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை.

நம்மில் பெரும்பாலோர் செய்வது அதைத்தான். பிரேசிலில் ஒரு ஆய்வு நடந்தது. பயிற்சி அனுபவம் உள்ள 160 ஆண்களிடம், "பெஞ்ச் பிரஸ்ஸில் 10 ரெப்புக்கு வழக்கமாக எவ்வளவு எடை போடுவீர்கள்?" என்று கேட்டார்கள். அவரவர் சொன்ன எடையையே கொடுத்து, முடிகிற வரை தூக்கச் சொன்னார்கள். சராசரியாக 16 ரெப் வந்தது. இவர்கள் புதியவர்கள் இல்லை, தொடர்ந்து ஜிம்முக்குப் போகிறவர்கள். அப்படியும் தினமும் ஆறு ரெப்பை உள்ளே வைத்துக்கொண்டே பாரை ராக்கில் மாட்டியிருக்கிறார்கள்.

தொழில்முறை ஆணழகருக்கும் சாதாரணமாக எடை தூக்குகிறவருக்கும் உள்ள முதல் வித்தியாசம் இந்த ஆறு ரெப்தான். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

டெம்பிள் ஸ்ட்ரீட் பேஸ்மெண்ட்

இதை நன்றாகப் புரிந்துகொள்ள டோரியன் யேட்ஸைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துக்காரர். 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு தடவை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்றவர். ஆணழகர் போட்டிகளில் உலக அளவில் மிகப் பெரிய பட்டம் அது. 1965-ல் ஜோ வீடர் தொடங்கி வைத்தார், முதல் வெற்றியாளர் லாரி ஸ்காட்.

மற்ற சாம்பியன்கள் கலிபோர்னியா வெயிலில், கண்ணாடிச் சுவர் வைத்த ஜிம்களில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, யேட்ஸ் பர்மிங்ஹாமின் டெம்பிள் ஸ்ட்ரீட்டில் ஒரு கட்டடத்தின் பேஸ்மெண்ட்டில் இருந்த தன் சொந்த ஜிம்மில் இருந்தார். ஜன்னல் கிடையாது, கூரை தாழ்வு. வாரத்துக்கு நான்கு நாள்தான் வருவார். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம். உலகத்திலேயே பெரிய உடம்புக்காரர் வாரத்துக்கு ஐந்து மணி நேரம்கூட எடை தூக்கவில்லை. முதல் தடவை இதைப் படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை.

அவருடைய முதுகு நாளை எடுத்துக்கொள்வோம். முதலில் நாட்டிலஸ் புல்ஓவர் மெஷின், தலைக்கு மேலிருந்து எடையைக் கீழே இழுப்பது. குறைந்த எடையில் ஒரு வார்ம்அப், கொஞ்சம் கூட்டி இன்னொன்று. அப்புறம் ஒரே ஒரு நிஜமான செட். அந்த ஒரு செட்டில் எட்டு, பத்து ரெப் போகும். ஒவ்வொரு ரெப்பிலும் எடையை இழுத்து, கீழே ஒரு நொடி இறுக்கிப் பிடித்து, மெதுவாக மேலே விடுவார். தனியாக இன்னொன்று வராது என்கிற இடத்தில், எதிரே நிற்கும் கூட்டாளி இரண்டு விரலால் கை கொடுக்க, அதற்கு மேலும் ஒன்றிரண்டு. அவ்வளவுதான், அந்த மெஷின் முடிந்தது. அடுத்த பயிற்சிக்குப் போய்விடுவார். 1996-ல் வெளியான அவருடைய கறுப்பு வெள்ளைப் பயிற்சி வீடியோவில் இதைக் கண்ணால் பார்க்கலாம். நான் அந்த வீடியோவைப் பல தடவை பார்த்திருக்கிறேன். என் கண் எப்போதும் எடையைத் தாண்டி, அந்தக் கடைசி ரெப்பின் வேகத்துக்குத்தான் போகும். முதல் ரெப் ஒரு நொடியில் வந்தது. கடைசி ரெப் நகர்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு ஊர்ந்து வருகிறது.

யேட்ஸுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. 1980-களில் பயிற்சி தொடங்கிய நாளிலிருந்தே எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தார். எந்தப் பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை ரெப், அன்றைக்கு உடம்பு எப்படி இருந்தது, எல்லாம். அடுத்த வாரம் அதே பயிற்சிக்கு வரும்போது போன வாரத்து எண்ணைத் தாண்டுவது மட்டும்தான் குறி. ஒரு ரெப் கூடினால் போதும்.

அப்படியென்றால் ஆர்னால்ட் செய்தது தப்பா?

இல்லை. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஆர்னால்ட் 1970 முதல் 1975 வரையும், பிறகு 1980-லும் மிஸ்டர் ஒலிம்பியா வென்றார். வெனிஸ் கடற்கரையில் இருந்த கோல்ட்ஸ் ஜிம்மில், போட்டி நெருங்கும்போது ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வாரத்துக்கு ஆறு நாள் என்று பயிற்சி செய்தவர். ஒரு தசைக்கு 20 செட்டுக்கு மேல். யேட்ஸ் செய்ததற்கு நேர் எதிர்.

மூன்றாவதாக ரானி கோல்மன். 1998 முதல் 2005 வரை எட்டுப் பட்டம். டெக்சஸ் மாநிலம் ஆர்லிங்டனில் போலீஸ்காரர். சாதாரண ஃபேன்கூடத் திணறும் வெயிலில், ஏசி இல்லாத மெட்ரோஃப்ளெக்ஸ் ஜிம்மில் பயிற்சி செய்தார். 800 பவுண்டு, அதாவது 363 கிலோ, வைத்து ஸ்குவாட் இரண்டு ரெப், அதே எடையில் டெட்லிஃப்ட் (தரையில் இருக்கிற எடையைத் தூக்கி நிமிர்வது) இரண்டு ரெப் போட்டதை வீடியோவில் உலகமே பார்த்தது. அதைப் பார்த்துவிட்டு, கனமாகத் தூக்குவதுதான் ரகசியம் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் கோல்மனின் சாதாரண நாளில் பெரும்பாலான செட்கள் 10, 12 ரெப் கணக்கில்தான் இருந்தன. ஒவ்வொரு தசையையும் வாரத்துக்கு இரண்டு தடவை தொட்டார். அந்த 800 பவுண்டு ஒவ்வொரு வாரமும் வந்த விருந்தாளி இல்லை.

ஒருவர் கொஞ்சம் செட், ஒருவர் நிறைய செட், ஒருவர் நடுவில். மூன்று பேரும் உச்சத்துக்குப் போனார்கள். அப்படியானால் செட் எண்ணிக்கையில் ஒரு மந்திரமும் இல்லை என்று தெரிகிறது. மூன்று பேரிடமும் பொதுவாக இருப்பதைப் பாருங்கள். செட்டை உண்மையாகச் செய்தார்கள். வருடக்கணக்கில் விடாமல் செய்தார்கள். எண்கள் மெல்ல ஏறிக்கொண்டே இருந்தன.

நமக்கு எத்தனை செட் வேண்டும்? 2017-ல் தசை வளர்ச்சியை ஆராயும் பிராட் ஷோன்ஃபெல்டும் குழுவினரும் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரு தசைக்கு வாரம் 10 செட்டுக்கு மேல் செய்தவர்களுக்கு, அதற்குக் குறைவாகச் செய்தவர்களைவிட வளர்ச்சி கூடுதலாக இருந்தது. ஆனால் ஐந்துக்கும் குறைவான செட் செய்தவர்களும் வளரத்தான் செய்தார்கள். முதல் வருடத்தில் இருக்கிற ஒருவருக்கு வாரம் 6 முதல் 10 நல்ல செட் தாராளம். இதில் "நல்ல" என்ற சொல்தான் முக்கியம். ஒரே நாளில் நெஞ்சுக்கு 25 செட் என்று கிளம்பினால், பத்தாவது செட்டுக்கு அப்புறம் வருவதெல்லாம் ஒப்புக்குச் செய்வதாகிவிடும். இன்னும் பதினைந்து பாக்கி இருக்கிறதே என்று மனசு முதல் செட்டிலேயே சேமிக்க ஆரம்பித்துவிடும். நான் பார்த்தவரை, ஆர்னால்டின் அட்டவணையை எடுத்தவர்களுக்கு நேர்வது இதுதான்.

10 கிலோ டம்பெல்லும் 16 கிலோ டம்பெல்லும்

ஆணழகருக்கு எடை ஒரு கருவி. சாதாரணமாகத் தூக்குகிறவருக்கு எடை ஒரு மதிப்பெண். இதை ஒரே ஒரு பயிற்சியில் காட்டிவிடலாம். பக்கவாட்டில் கை தூக்குகிற லேட்டரல் ரெய்ஸ், தோள்பட்டைக்கு அகலம் தரும் பயிற்சி.

நம் ஜிம்களில் வழக்கமாகக் காண்பது: ஒருவர் இரண்டு கையிலும் 16 கிலோ டம்பெல் எடுக்கிறார். இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்காலை மடக்கி, ஒரு எக்கு எக்குகிறார். டம்பெல் ஊஞ்சல் மாதிரி மேலே போகிறது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற தசை காதுவரை ஏறி மிச்ச வேலையைப் பார்க்கிறது. அப்புறம் டம்பெல் தானாகத் தொப்பென்று கீழே விழுகிறது. 12 ரெப் முடிந்தது. தோளின் பக்கவாட்டுத் தசை இதில் எத்தனை நொடி வேலை செய்தது என்று பார்த்தால் மிகக் கொஞ்சம்.

தொழில்முறை ஆள் அதே பயிற்சிக்குப் பெரும்பாலும் இவரைவிட இலேசான டம்பெல்லை எடுப்பதைப் பார்க்கலாம். தோள் கீழேயே இருக்கும். கை நேர் பக்கவாட்டில் போகாமல் சற்று முன்னால் சாய்ந்த கோணத்தில் எழும்பும். முழங்கை முன்னே போக, மணிக்கட்டு பின்னே வரும். தோள் உயரம் வந்ததும் கணநேரம் நிற்கும். இறங்கும்போது இரண்டு, மூன்று நொடி. உடம்பில் வேறு எதுவும் அசையாது. 15-வது ரெப்பில் முகம் சுளிக்கும், 18-ல் கை பாதிக்கு மேல் ஏறாது. 10 கிலோவில் அந்தத் தசை ஃபெயிலியரைத் தொட்டுவிட்டது. 16 கிலோக்காரருக்குத் தொடவே இல்லை.

அடுத்த தடவை 10 கிலோ எடுத்து, கண்ணாடி முன் நின்று, இறக்குவதற்கு மூன்று எண்ணிப் பாருங்கள். பத்தாவது ரெப்பில் தோள் எரிகிற எரிச்சலே நான் சொல்வதைச் சொல்லிவிடும்.

இதே காரணத்துக்காகத்தான் இன்றைய தொழில்முறை ஆட்கள் மெஷினிலும் கேபிளிலும் நிறைய நேரம் செலவிடுகிறார்கள். மெஷின் புதியவர்களுக்குத்தான் என்று ஒரு பேச்சு நம்மிடம் உண்டு. அது சரியில்லை. மெஷினில் உடம்பைச் சமநிலையில் நிறுத்தப் பாடுபட வேண்டியதில்லை, எல்லாச் சக்தியும் ஒரே தசைக்குப் போகும். ஃபெயிலியர் வந்தாலும் எடை நம் மேல் விழாது. பார்பெல் ஸ்குவாட்டில் கடைசி ரெப்பைத் தேடுவதைவிட லெக் பிரஸ்ஸில் தேடுவது எவ்வளவோ பாதுகாப்பு. பயிற்சியாளர் ஹனி ராம்போட் தன் எஃப்எஸ்டி-7 முறையில், ஒரு தசைக்கான வேலை முடிகிற நேரத்தில் குறுகிய ஓய்வோடு ஏழு செட் வைப்பார். அதற்குப் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது கேபிளும் மெஷினும்தான். பல ஒலிம்பியா சாம்பியன்கள் அவரிடம் பயின்றவர்கள்.

ஜிம்முக்கு வெளியே

ஒரு மணி நேரப் பயிற்சியைப் பார்த்துவிட்டு மிச்ச 23 மணி நேரத்தைப் பார்க்காமல் விட்டால் கணக்கு உதைக்கும். தொழில்முறை ஆளுக்கு ஒரு வருடம் இரண்டாகப் பிரியும். போட்டி இல்லாத காலத்தில் உடம்பைப் பெருக்குவார்கள், நிறையச் சாப்பிடுவார்கள், எடை ஏறும். போட்டிக்கு மூன்று, நான்கு மாதம் இருக்கும்போது சாப்பாட்டைப் படிப்படியாகக் குறைத்து, நடைப்பயிற்சியும் கார்டியோவும் கூட்டி, கொழுப்பைக் கரைப்பார்கள். 1993-ல் யேட்ஸ் மேடை ஏறியபோது எடை சுமார் 117 கிலோ. போட்டி இல்லாத காலத்தில் அதைவிடப் பத்துக் கிலோவுக்கும் மேல் கூடுதலாக இருப்பார். நாம் படத்தில் பார்க்கிற உடம்பு வருடத்தில் சில நாட்கள் மட்டும் இருக்கிற உடம்பு. அதை வைத்து நம் கண்ணாடியோடு சண்டை போடக் கூடாது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை அவர்கள் ஐந்து, ஆறு வேளை அளந்து சாப்பிடுவார்கள். நமக்கு அந்தக் கெடுபிடி தேவையில்லை. பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும் என்பதுதான் இதுவரையிலான ஆய்வுகளின் சாரம். 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். இட்லி, தோசை, சோறு, சாம்பார் என்று போகிற நம் வழக்கமான நாளில் இது தானாக வந்துவிடாது. நான்கு முட்டையில் சுமார் 24 கிராம். சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30 கிராம். சைவர்களுக்கு மீல் மேக்கர் பெரிய உதவி, காய்ந்த நிலையில் 50 கிராம் எடுத்தால் 25 கிராம் புரதம். பருப்பு, சுண்டல், தயிர், பால் எல்லாம் சேர்த்தால் எட்டிப் பிடிக்கலாம்.

தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஏழு, எட்டு மணி நேரம் தூங்கி, மதியமும் படுத்து எழுகிறவருக்கு அது தொழிலின் ஒரு பகுதி. இரவு பன்னிரண்டுக்குப் படுத்து ஆறுக்கு எழுந்து பஸ் பிடிக்கிறவர் அதே 30 செட்டைச் செய்தால் உடம்பு எப்போது தேறும்?

ஊசியைப் பற்றிப் பேசாமல் முடியாது

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பாதி உண்மையாகிவிடும். உச்சத்தில் இருக்கிற தொழில்முறை ஆணழகர் உடம்பு ஸ்டீராய்டு இல்லாமல் வருவதில்லை. ஆர்னால்டும் யேட்ஸும் தாங்கள் பயன்படுத்தியதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

அதன் பலம் எவ்வளவு என்பதற்கு ஒரு ஆய்வு போதும். 1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. 43 ஆண்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கு 10 வாரம், வாரத்துக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி. மற்ற இரண்டுக்கு மருந்தில்லாத ஊசி. ஒவ்வொரு வகையிலும் ஒரு குழு எடை தூக்கியது, ஒரு குழு தூக்கவில்லை. மருந்தில்லாமல் பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை சுமார் 2 கிலோ கூடியது. ஊசி போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாதவர்களுக்குச் சுமார் 3 கிலோ. ஊசியும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு 6.1 கிலோ.

இரண்டாவது எண்ணை இன்னொரு தடவை படியுங்கள். ஜிம் பக்கமே போகாதவர்களுக்கு, வியர்வை சிந்தியவர்களைவிட அதிகம் கூடியிருக்கிறது. அப்படியிருக்க, மருந்து எடுக்கிற ஒருவர் "இந்த அட்டவணைதான் என்னை வளர்த்தது" என்று சொன்னால், எந்த அட்டவணையும் அவரை வளர்த்திருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். மருந்து இருக்கும்போது தசை கட்டும் வேலை நாள் முழுக்க வேகமாக ஓடுகிறது. வாரத்துக்கு ஒரே தடவை நெஞ்சைத் தொட்டாலும் அவருக்குக் கட்டுப்படியாகும். மருந்தில்லாத உடம்பில், ஒரு பயிற்சிக்கு அப்புறம் அந்த வேகம் ஒன்றிரண்டு நாளில் பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் நமக்கு ஒரு தசையை வாரத்துக்கு இரண்டு தடவை தொடுவது நல்லது என்கிறேன். அதே செட்களை இரண்டு நாளாகப் பிரித்தால் ஒவ்வொரு செட்டும் தெம்பாகவும் இருக்கும்.

பிறவியும் இருக்கிறது. தோள் எலும்பின் அகலம், இடுப்பின் ஒடுக்கம், பைசெப்ஸ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையெல்லாம் எந்தப் பயிற்சியாலும் மாற்ற முடியாது.

உங்கள் ஊர் ஜிம்மிலும் யாராவது ஒருவர் வந்து மூன்று மாதத்தில் உடம்பு வரும், சின்ன கோர்ஸ்தான் என்று சொல்லலாம். இருபது, இருபத்தொரு வயதுப் பையன்களிடம்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். வேண்டாம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் எனக்குப் போதவில்லை. இதயம், ஈரல், சொந்தமாக ஹார்மோன் சுரக்கும் திறன், பிள்ளைப்பேறு எல்லாம் பணயம். ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் முன்ட்சர், தோலுக்கடியில் கொழுப்பே இல்லாத உடம்புக்காகப் பேர் வாங்கியவர், 1996-ல் 31 வயதில் இறந்துபோனார்.

பயிற்சியின் கடுமைக்கும் விலை உண்டு. யேட்ஸுக்கு 1994-ல் ரோ (குனிந்து எடையை வயிற்றை நோக்கி இழுப்பது) செய்யும்போது பைசெப்ஸ் கிழிந்தது. 1997-ல் போட்டிக்குச் சில வாரம் முன்பு ட்ரைசெப்ஸ் கிழிந்தது. அந்தப் போட்டியை வென்ற கையோடு ஓய்வு பெற்றார். கோல்மனுக்கு முதுகெலும்பிலும் இடுப்பிலும் பத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்திருக்கின்றன. இன்று ஊன்றுகோல் இல்லாமல் நடப்பது அவருக்குச் சிரமம். அவர்கள் அதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள், அது அவர்களுடைய தொழில். மாலை ஏழு மணிக்கு வருகிறவருக்கு ஃபெயிலியருக்கு ஒன்று அல்லது இரண்டு ரெப் முன்னால் நிறுத்துவதே போதும். கடைசி எல்லையை அவ்வப்போது மெஷினில் மட்டும் தொட்டுப் பார்த்தால் சரி. ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் மூச்சை அடக்கிக் கனம் தூக்க வேண்டாம்.

அந்தத் தம்பிக்கு என்ன சொன்னேன்

வாரத்துக்கு மூன்று நாள் வா என்றேன். மூன்று நாளும் முழு உடம்பு. ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ், ஒரு பிரஸ், ஒரு ரோ, லேட் புல்டவுன், தொடையின் பின்பக்கத்துக்கு ஒன்று, கடைசியில் தோளுக்கோ கைக்கோ ஒன்று. ஒவ்வொன்றும் வார்ம்அப் போக இரண்டு அல்லது மூன்று செட். செட்டுக்கு நடுவில் இரண்டு நிமிடம் உட்கார்ந்திரு, அவசரப்படாதே. ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கு, எல்லாவற்றையும் எழுது. ஏற்ற வேண்டியது எடையோ ரெப்போ, இரண்டில் ஒன்று.

அவன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. 30 செட்டைக் கேட்டவனுக்கு மூன்று செட் கொடுத்தால் அப்படித்தான் இருக்கும்.

"சரி, பெஞ்சுல படு" என்றேன். "பத்து ரெப்புக்கு எவ்வளவு போடுவ?"

"நாப்பது கிலோண்ணே."

நாற்பது போட்டேன். தலைமாட்டில் நின்றுகொண்டேன். "பத்துல நிறுத்தாத. பார் நடுவுல நின்னாத்தான் நான் தொடுவேன். அதுவரைக்கும் உன்னோடது."

பத்து சுலபமாக வந்தது. பதினொன்று, பன்னிரண்டு. பதிமூன்றில் மூச்சுச் சத்தம் மாறியது. பதினைந்தில் பார் முதல் தடவையாக மெதுவானது. பதினாறு ஏறி முடிய நான்கு நொடி பிடித்தது, முழங்கை இரண்டும் நடுங்கின. பதினேழாவது பாதியில் நின்றது. இரண்டு விரலை மட்டும் கீழே கொடுத்தேன், மேலே வந்துவிட்டது.

எழுந்து உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்துத் தடவிக்கொண்டான். "அண்ணே, இங்க இப்படி இழுக்கிறது இன்னைக்குத்தான் தெரியுது" என்றான். கவுண்டரில் பேனா வாங்கிக் கைபேசி உறையின் பின்னால் இருந்த ஒரு பழைய பில்லில் எழுதினான்: பெஞ்ச் 40, ரெப் 16.

அடுத்த திங்கட்கிழமை நோட்டோடு வந்தான். 47.5 போட்டோம். ஒன்பதாவது ரெப்பிலேயே பார் மெதுவானது.